நீரடி ஹாக்கி: உடற்தகுதியும் மன உறுதியும் (கேள்வி-பதில்)

கேள்வி: எங்கள் அணித் தேர்வில் 20 மீட்டர் பீப் டெஸ்ட் (வரவர வேகம் கூடும் ஒலிக்கு ஏற்ப 20 மீட்டர் தூரத்தை முன்னும் பின்னுமாக ஓடும் சோதனை) வைக்கிறார்கள். ஓட்டத்தில் பின்தங்கும் நான் நீரில் பின்தங்குவதில்லை. இந்தச் சோதனை போதுமா?

பதில்: போதாது. பீப் டெஸ்ட் இதயத்தின், நுரையீரலின் பொதுவான தாங்குதிறனை மட்டுமே காட்டும். குளத்தின் அடித்தரையில் ‘பக்’ என்னும் கனமான வட்டைச் சிறு மட்டையால் தள்ளி ஆடும் நம் ஆட்டத்திலோ, 15 நிமிடப் பாதிகள் இரண்டிலும், சில விநாடிகள் அடியில் முழு வேகத்தில் போராடி, மேலே வந்து ஸ்நார்கல் என்னும் மூச்சுக் குழாய் வழியே சில மூச்சு இழுத்து, உடனே மறுபடி மூழ்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு), மாஸ்க், ஸ்நார்கல் அணிந்து, குறித்த இடைவெளியில் 25 மீட்டர் வேக நீச்சலைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து, கடைசிச் சுற்றுக்குள் நேரம் எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பதே பொருத்தம். தொடக்கத்தில் வேண்டுமென்றே மெதுவாக நீந்துபவரும் இதில் நல்லவராகத் தெரிவார் என்பதால், மொத்த நேரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கேள்வி: மூழ்குவதற்கு முன் வேகவேகமாக ஆழ்ந்து மூச்சு விட்டால் அடியில் கூடுதல் நேரம் இருக்க முடிகிறது. சோதனையின்போது அப்படிச் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பைப் பெரும்பாலும் உண்டாக்குவது இரத்தத்தில் கூடும் கரியமில வாயுதான். வேகமாக மூச்சு விடும்போது அந்த வாயு பெருமளவு வெளியேறிவிடுகிறது. உடலில் சேரும் ஆக்சிஜனோ பெரிதாகக் கூடுவதில்லை. எனவே தவிப்பு எழுவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இன்றி நீருக்கடியில் நினைவு தப்பிவிடும். தேர்ந்த நீச்சல் வீரர்கள்கூட இப்படி இறந்திருக்கிறார்கள். இயல்பாக மூச்சு விட்டு மூழ்குங்கள்; நீந்துபவர் ஒவ்வொருவரையும் மேலிருந்து ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: கடைசி நிமிடங்களில் மூச்சு முட்டி, பக்கை விட்டுவிட்டு மேலே வந்துவிடுகிறேன். எனக்கு மன உறுதி குறைவா?

பதில்: 1954-இல் இங்கிலாந்தின் சவுத்ஸீயில் ஆலன் பிளேக் இந்த ஆட்டத்தை முக்குளிப்பவர்களுக்காகத் தொடங்கினார். அதனால்தானோ என்னவோ, அடியில் நெடுநேரம் இருப்பதே வீரம் என்ற எண்ணம் இன்னும் நம்மை விடவில்லை. மேலே வந்தது உங்கள் குறை அன்று. பக்கை யாரிடமும் சேர்க்காமல் வந்ததுதான் குறை, அதுவும் உங்களுடையது மட்டுமன்று. சுவரோரம் எதிராளியின் தோள் அழுத்த, கையுறையின் முட்டி தரை ஓட்டில் உரச, ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கனக்கும் பக்கை நீங்கள் காத்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்தவர் உங்கள் பின்னால் இறங்கியிருக்க வேண்டும். நீருக்கடியில் யாரையும் கூப்பிட முடியாது. அவர் வருவார் என்ற நம்பிக்கை பயிற்சியில்தான் வளரும். களைத்த பின், சிறிய பரப்பில் மூவருக்கு மூவர் ஆடிப் பாருங்கள். தவிப்பு முற்றுவதற்கு முன்பே பக்கைத் தள்ளிவிட்டு மேலேறி, சில மூச்சிலேயே திரும்ப இறங்குபவரைத்தான் நான் மன உறுதி உள்ளவர் என்பேன்.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்கலாம்?

பதில்: ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்கு ஒருமுறை போதும். அதே குளத்தில், அதே ஃபின்னோடு நீந்துங்கள். ஃபின்னின் விறைப்பு மாறினாலே நேரமும் மாறிவிடும்.