177-ஆ, 177.25-ஆ? மேடைப் பேச்சும் உண்மை சரிபார்ப்பும்: வாசகர் கேள்விகள்

மன்னார்குடி வாசகர்: "காவிரியில் நமக்கு 177 டி.எம்.சி. வரணும். வரல்லே, அதான் குறுவை போச்சு" என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு வேட்பாளர் பேசினார். மறுநாளே ஒரு நாளிதழ் 'தவறு' என்று முத்திரை குத்திவிட்டது. சரியான அளவு 177.25-ஆம், அந்த ஆண்டு மொத்தத்தில் அதைவிடக் கூடுதலாகவே வந்ததாம். யார் பக்கம் நியாயம்?

அந்தக் கால் டி.எம்.சி.யைத் தள்ளிவிடுங்கள் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). மேடையில் 177 போதும். 192 என்று சொல்லியிருந்தால் பிழை என்று எழுதலாம். அது காவிரி நடுவர் மன்றம் 2007-ல் சொன்ன அளவு. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதில் 14.75-ஐக் குறைத்துவிட்டது.

இரண்டாவது வாதத்தில்தான் விஷயம் இருக்கிறது. காவிரிக் கணக்கு ஜூனில் தொடங்கி மே மாதத்தில் முடியும், அளப்பது தமிழக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில். ஆண்டு மொத்தம் மட்டுமல்ல, மாதவாரிப் பங்கும் உண்டு: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76. அப்புறம் இறங்குமுகம், பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5. ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல் சாகுபடியான குறுவைக்கு வேண்டியது ஜூன், ஜூலை இரண்டும் சேர்ந்த 40.43. அந்த இரண்டு மாதமும் காய்ந்து கிடந்து, ஆகஸ்டில் கர்நாடக அணைகளான கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி உபரி மொத்தமாக வந்தால் ஆண்டுக் கணக்கு நேராகிவிடும். போன நாற்றங்கால் திரும்பாது. மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டால் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; அதற்கு மேல் வருவதில் பெரும்பகுதி கொள்ளிடம் வழியாகக் கடலுக்குத்தான் போகும். குறுவையைப் பற்றிப் பேசியவரை ஆண்டு மொத்தத்தைக் காட்டி மறுத்தது தப்பான அளவுகோல்.

அதற்காக வேட்பாளருக்கு 'சரி' என்று போட்டுவிடவும் முடியாது. அந்த ஆண்டின் ஜூன், ஜூலை வரத்தைத் தனியாக எடுங்கள். 40-ஐ ஒட்டி வந்திருந்தால் குறுவை போனதற்கு வேறு காரணம் தேட வேண்டும். மழை பொய்த்த ஆண்டு என்றால் பங்கே விகிதப்படி குறையும் என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும்.

கும்பகோணம் வாசகர்: "2021 முதல் 2025 வரை ஜூன் 12 தேதி தவறாமல் மேட்டூர் திறந்தது" என்று ஒருவர் பேசினார். 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்களே, ஆகவே பொய் என்று ஒரு வார இதழ் எழுதியது.

ஜூன் 12 என்பது குறுவைக்காக அணையைத் திறக்கும் வழக்கமான நாள். முன்கூட்டித் திறந்ததைப் பிடித்துக்கொண்டு பொய் என்பது வீம்பு. அந்தப் பேச்சை உடைப்பது 2024. அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை இழுத்தது. அதை விட்டுவிட்டு மே 24-ஐத் தேடிப் பிடித்தவருக்கு நாட்காட்டி தெரிந்திருக்கிறது, சாகுபடி தெரியவில்லை.

சார்பு இருக்கிறதா என்று பார்க்க, அதே இதழ் 2012 முதல் 2019 வரையிலான எட்டு ஆண்டுகளை எப்படி எழுதியது என்று பாருங்கள். அப்போதும் ஜூன் 12-ல் திறக்கவில்லை; 2020-ல்தான் திறந்தார்கள். ஒரு ஆட்சிக்கு 'மழை பொய்த்தது', இன்னொரு ஆட்சிக்கு 'அரசு கோட்டைவிட்டது' என்று எழுதியிருந்தால் சாயம் வெளுத்துவிடும். எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை.

பாபநாசம் வாசகர்: நெல்லுக்கு 2,500 ரூபாய் கொடுப்பது 'நாங்கள்தான்' என்று இரண்டு தரப்பும் சொல்கிறதே?

2025-26 பருவத்தில் பொது ரகம் குவிண்டாலுக்கு மத்திய அரசின் ஆதார விலை 2,369, மாநில ஊக்கத்தொகை 131. சன்ன ரகத்துக்கு 2,389-உம் 156-உம் சேர்ந்து 2,545. தொகை சரி, 'தான்' தப்பு. கைக்கு வருவதைச் சரிபார்க்க அறிவிப்பு போதாது, கொள்முதல் ரசீது வேண்டும். 40 கிலோ சிப்பத்துக்கு 1,000 ரூபாய் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியது என்று திருப்பி அனுப்பிய நெல் எந்த ரசீதிலும் இருக்காது.

சீர்காழி வாசகர்: எங்கள் வேட்பாளர் மீது '6 குற்ற வழக்குகள்' என்று போட்டுவிட்டார்கள். எல்லாமே மறியல் வழக்கு.

தேர்தல் ஆணைய இணையதளத்தில் அவருடைய படிவம் 26-ஐ, அதாவது வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தை, இறக்கிப் பாருங்கள். முதல் தகவல் அறிக்கை எண், சட்டப்பிரிவு, நீதிமன்றம், குற்றச்சாட்டு வனையப்பட்டதா என்பதெல்லாம் அதில் உண்டு. இந்திய தண்டனைச் சட்டம் 143, 188, 341 மட்டும் இருந்தால் பெரும்பாலும் மறியல், ஆர்ப்பாட்டம்தான். அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 189(2), 223, 126(2). 307 (கொலை முயற்சி), 420 (மோசடி) என்று கண்ணில் பட்டால் கதை வேறு. பிரிவைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் போடுவது பொய்யில்லை, நேர்மையும் இல்லை. எதிர்த்து நிற்பவருக்குப் பிரிவு வாரியாக எழுதிவிட்டு இவருக்கு மட்டும் '6' என்றால் தயங்காமல் கேளுங்கள்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: 'இவர் சொன்னதில் இத்தனை பொய், அவர் சொன்னதில் இத்தனை' என்ற பட்டியலை நம்பலாமா?

கூடாது. எந்த வாக்கியத்தை எடுப்பது என்று ஆசிரியர் குழு தேர்ந்தெடுக்கிறது. சந்தேகம் வந்ததைத்தான் எடுப்பார்கள். அப்படிப் பொறுக்கியதற்குச் சதவீதம் போட்டால் அது பொறுக்கியவரின் கணக்கு. அமெரிக்காவின் உண்மை சரிபார்ப்புத் தளமான பொலிட்டிஃபாக்ட், 'உங்கள் காப்பீடு பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்' என்ற ஒபாமாவின் பேச்சுக்கு 2008-ல் 'உண்மை' என்று மதிப்பிட்டது. 2013-ல் அதையே ஆண்டின் பெரிய பொய் என்றது. இன்னும் நடக்காத ஒன்றுக்கு முத்திரை போட்டதன் விளைவு. வாக்குறுதியை எடைபோடலாம்: பணம் எங்கிருந்து வரும், அதிகாரம் மாநிலத்துக்கு உண்டா என்று. உண்மை, பொய் என்று சொல்ல முடியாது. 'பாதி உண்மை' போன்ற நடுத்தர முத்திரைகளில் இரண்டு சரிபார்ப்பாளர்கள் ஒத்துப்போவதே அரிது. முத்திரையை விட்டுவிட்டு அதன் கீழே இருக்கும் ஆதாரத்தைப் படியுங்கள்.

வலங்கைமான் வாசகர்: தப்பாக எழுதினால் என்ன செய்யலாம்?

முதலில் ஆசிரியருக்கு எழுத்தில்: தேதி, பக்கம், அவர்கள் எழுதிய வரி, அதற்கு எதிரான ஆவணத்தின் நகல். பதில் வராவிட்டால் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்குப் போகலாம். நாளிதழ், வார இதழ் என்றால் வெளியான இரண்டு மாதத்துக்குள். மற்றவற்றுக்கு நான்கு மாதம். தொலைக்காட்சி அந்த மன்றத்தின் வரம்பில் வராது.