துண்டும் குடும்ப அட்டையும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கமுங்க. பல்லடம் பக்கம் 24 தையல் மெஷின் வைத்து பனியன் ஜாப் ஒர்க் செய்கிறேன். வடகிழக்கு மாநிலங்களில் இருப்பது போல் தமிழ்நாட்டுக்கும், வெளி மாநிலத்தார் வருவதற்கு, உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை என்று போன மாதக் கட்டுரையில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

என்னிடம் வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார் ஆட்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. அது தெரிந்தேதான் கேட்கிறேன். வீட்டுக்காரனுக்குக் கதவைச் சாத்தும் உரிமை உண்டு என்றால் ஒரு மண்ணுக்கு இல்லையா? ஈழத்தில் மண்ணுரிமை வேண்டும் என்கிறோம், டெல்லியிடம் மாநில உரிமை வேண்டும் என்கிறோம். வாசலில் மட்டும் யாரையும் கேள்வி கேட்கக்கூடாது என்றால் எப்படி? அமெரிக்காவைப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி என்றார்கள். யாரைக் கேட்டுப் போட்டார்கள்? சர்வதேச ஒழுங்கு என்பது பாடப்புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

இன்னொரு சின்ன விஷயம். என்னிடம் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் ஒடிசாவின் பலாங்கீர்க்காரர் ஒருவர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, இங்கே குடியிருப்பதாக ஒரு கடிதம் கேட்கிறார். லைன் வீடு என்னுடையது. என் மாமா, "இன்னிக்கு லெட்டரு, நாளைக்கு ஓட்டு, பொறவு ஊரே அவிங்களுது" என்கிறார். இன்னும் கொடுக்கவில்லை.

பெயர் போட வேண்டாமுங்க.

ஒரு வாசகர், பல்லடம்

*

அன்புள்ள தம்பிக்கு,

ஒரே வரியில் சொல்லிப் போனது என் தவறு. இப்போது விரிவாகச் சொல்கிறேன்.

வீடு என்ற உவமையிலிருந்து தொடங்குவோம். வீட்டுக்குப் பத்திரம் இருக்கிறது. வில்லங்கச் சான்று போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். கொங்கு நாட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். 1956 அக்டோபர் முடிய கொள்ளேகால் நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா. நவம்பர் 1ஆம் தேதி விடிந்தபோது அது மைசூர் மாநிலம். பக்கத்தில் தாளவாடி இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அங்கே வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பங்கள் இன்றும் ஏராளம். கன்னட அடையாளத்தின் முகமாகக் கர்நாடகம் கொண்டாடும் நடிகர் ராஜ்குமார் பிறந்த காஜனூர் நம் ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. வாளையாற்றைத் தாண்டினால் வேறு மாநிலம் என்பதும் அதே நாளில் வந்ததுதான். என் தாத்தா காலத்தில் பாலக்காட்டுக்குப் போவது பக்கத்து ஜில்லாவுக்குப் போவது.

இன்னும் பழைய பத்திரமும் இருக்கிறது. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்மணி அறுத்துப் பட்டை தீட்டிய ஊர். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் ஆள் பெயர்கள் கீறியிருக்கின்றன. அவற்றில் பிராகிருதப் பெயர்களும் உண்டு. தொழில் நடந்த இடத்துக்கு வடக்கிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள், தங்கள் பெயரை நம் எழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அந்த ஓடுகளை நான் வாசிக்கிறேன்.

யார் முதலில் வந்தது என்ற கணக்கை நேர்மையாகப் போட்டால், மேட்டுப்பாளையத்துக்கு மேலே மலையில் இருக்கும் இருளரும் குறும்பரும் நம் எல்லோரிடமும் சீட்டுக் கேட்க வேண்டும். நாகாலாந்து, மிசோரம், அருணாசலம், மணிப்பூரில் இருக்கும் அனுமதிச் சீட்டுக்கு 1873இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அடிப்படை. அவன் போட்ட நோக்கம் வேறு. இன்று அது அங்கே பழங்குடிகளின் நிலத்துக்கு ஒரு வேலியாக நிற்கிறது. அந்த வேலியை நான் மதிக்கிறேன். வெளியாள் கையில் நிலம் போய்விடும் என்ற பயம் அங்கே உண்மை. உங்கள் லைன் வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேராகப் படுத்திருப்பவர்களிடம் எந்த நிலம் போகப் போகிறது?

இனி நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்பதைச் சொல்ல வேண்டும். 1990களில் கோத்தகிரிப் பக்கம் ஆறு ஆண்டுகள் பள்ளியில் புவியியல் நடத்தினேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தேயிலைத் தோட்ட லைன்களிலிருந்து வருவார்கள். தாயகம் திரும்பியோர் என்று அரசு சொல்லும்; ஊரில் சிலோன்காரர். ஒரு பாட்டி பேத்தியின் சாதிச் சான்றிதழுக்காக என்னிடம் வந்தார். கையில் நான்காக மடித்த பிளாஸ்டிக் பை. அதற்குள் கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை, போட்டோவில் முகமே தெரியாத அளவுக்கு மங்கிப்போனது. அதில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு எழுத்தில் அதே பெயர். ஒரு அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காவது முறை நானும் போனேன். ஒரு பெஞ்சில் மதியம்வரை உட்கார்ந்திருந்தோம். அந்தப் பையை அவர் மடியிலிருந்து கீழே வைக்கவே இல்லை.

அவருடைய முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் என்று நம் ஜில்லாக்களிலிருந்து, ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் இலங்கைக்குப் போனவர்கள். அங்கே காப்பி, தேயிலைத் தோட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் பழைய துரை எழுதிக் கொடுத்த சீட்டு வேண்டும். அதற்குப் பெயரே 'துண்டு'. ஆங்கிலச் சட்டக் காகிதங்களில்கூட அந்தத் தமிழ்ச் சொல்லைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று அதில் இருக்கும். புதிய துரை கடனை ஏற்றுக்கொண்டால்தான் ஆளுக்கு விடுதலை. துண்டு இல்லாதவரை எவனும் வேலைக்கு வைக்க முடியாது. சீட்டு கையில் இருப்பவன் ஆளையே கையில் வைத்திருந்தான்.

பிறகு இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் என்ன கேட்டது தெரியுமா? உன் அப்பா இந்தத் தீவில் பிறந்தாரா, இல்லையென்றால் அப்பாவழித் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, நிரூபி. பிறப்பைப் பதிவே செய்யாத லைன் வீட்டில் யார் நிரூபிப்பது? ஏறக்குறைய 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. அதற்குச் சொன்ன காரணங்களில் பெரியது எது என்று நினைக்கிறீர்கள்? மலையகத் தொகுதிகளை இவர்கள் ஓட்டு தீர்மானித்துவிடும், நம் மண் நம் கையில் இருக்காது என்பது. உங்கள் மாமா வாயிலிருந்து வந்த வாக்கியம், தம்பி.

இதில் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி, யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தலைவர்களில் ஒரு பகுதியினர் இது நம்மைப் பற்றியதல்ல என்று அரசோடு நின்றது. தமிழ்த் தலைவர் செல்வநாயகம் அதை எதிர்த்துப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1956இல் 'சிங்களம் மட்டும்' சட்டம் வந்தபோது அது எல்லாத் தமிழர் மேலும் விழுந்தது. ஈழத்து மண்ணுரிமையை நீங்கள் எடுத்துக்காட்டியதால் இதைச் சொல்கிறேன். தோட்டத் தமிழனைத் தனியே விட்டது அந்தக் கதையின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது.

1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டு, 1974இல் நாட்டுக்கு 75,000 பேர் என்று பாதியாகப் பிரித்தார்கள். இரண்டு நாடுகளின் இறையாண்மையும் அந்த மேசையில் குறைவில்லாமல் இருந்தது. பிரிக்கப்பட்டவர்களில் ஒருவர்கூட அங்கே உட்காரவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து வந்தவர்தான் கோத்தகிரியில் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி.

ஆகவே அனுமதிச் சீட்டு என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் தோன்றுவது, அந்தச் சீட்டு யார் பையில் இருக்கும் என்பதுதான். உங்கள் தொழிலையே வைத்துப் பாருங்கள். ஸ்டேஷனில் இறங்கும் பையன் தனியாகப் போய் எந்த ஆபீசில் சீட்டு வாங்குவான்? ஆள் கொண்டுவரும் கான்ட்ராக்டர்தான் வாங்கித் தருவார். வாங்கித் தந்தவர் வைத்துக்கொள்வார். வளைகுடாவுக்குப் போன நம் ஆட்களின் பாஸ்போர்ட்டை முதலாளிகள் வாங்கி வைத்துக்கொண்ட கதை நமக்குத் தெரியாததா? சீட்டைப் பிடுங்கினால் ஊரைவிட்டே போக வேண்டியவன் சனிக்கிழமை சம்பளத்தில் பிடித்தம் ஏன் என்று கேட்க மாட்டான், ஒன்றரை ஷிப்ட் முடியாது என்று சொல்ல மாட்டான். அவன் கேட்காவிட்டால் பக்கத்து மெஷினில் இருக்கும் தாராபுரத்துப் பெண்ணின் பீஸ் ரேட்டும் ஏறாது. வெளியாளால் உள்ளூர்க் கூலி குறைகிறது என்று சொல்பவர்கள், அவனை இன்னும் வாய் திறக்க முடியாதவனாக ஆக்கும் வழியைக் கேட்கிறார்கள். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லிச் சலித்திருக்கிறேன்.

ஆள் கொண்டுவருவதை ஒழுங்குபடுத்த 1979லேயே மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒடிசாவிலிருந்து முன்பணம் கொடுத்துப் பிடித்த 'தாதன்' ஆட்கள் என்று கூட்டம் கூட்டமாக ஓட்டிச் சென்ற கொடுமைதான் அதற்குக் காரணம். கான்ட்ராக்டருக்கு உரிமம், வந்துபோகும் செலவு, இடப்பெயர்வுப் படி எல்லாம் அதில் இருந்தது. 2020இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அதைச் சேர்த்தார்கள். வாசலில் ஆள் போட வேண்டும் என்றால் கான்ட்ராக்டரின் வாசலில் போடுங்கள் என்று கேட்க நமக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

அமெரிக்க வரியைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் அப்பாவிடம் 'கோட்டா' என்று சொல்லிப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார். எந்த நாடு எத்தனை துணி அனுப்பலாம் என்று 1974 முதல் 2004 முடிய உலக அளவில் பங்கு வைத்திருந்தார்கள். 2005 ஜனவரி 1இல் அது நீங்கியது. நம் பனியன் கம்பெனிகள் பெருத்ததில் அதற்குப் பெரிய பங்குண்டு. அதற்கு முன்னால் மதுரை, தேனி, ராமநாதபுரத்திலிருந்து வந்தவர்களைத் 'தெக்கத்தி ஆளுக, பொழைக்க வந்தவிங்க' என்று நம் ஊர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அந்த ஆட்களும் போதாமல்தான் ரயில் வடக்கே போயிற்று. அதாவது ஜெனீவாவில் போட்ட அந்தத் துணி ஒப்பந்தம் முடிந்ததன் நீட்சியாகத்தான் பலாங்கீர்க்காரர் உங்கள் லைன் வீட்டில் இருக்கிறார். சர்வதேச ஒழுங்கு பாடப்புத்தகத்தில் இல்லை, உங்கள் ஷெட்டுக்குள் இருக்கிறது. ஆடிட் வரும்போது தீ வெளியேறும் வழி, வயதுச் சான்று, கழிப்பறை என்று ஓடுகிறீர்களே, அது யார் சட்டம்? ஜெர்மனியில் 2023 முதல் நடப்பில் இருக்கும் ஒரு சட்டம், தங்களுக்குச் சரக்குத் தரும் வெளிநாட்டுப் பட்டறைகளில் கட்டாய உழைப்பும் குழந்தை உழைப்பும் இருக்கிறதா என்று பார்க்கும்படி பெரிய கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகிறது. பெர்லினில் எழுதிய சட்டம் பல்லடத்துக்குள் விசா இல்லாமல் வருகிறது. நாம் யாரும் நம் மண்ணின் உரிமை போயிற்று என்று அதைத் தடுக்கவில்லை. ஆர்டர் வேண்டுமே.

சரக்குக்கு இப்படி விதிகள் இருக்கின்றன. மீறினால் வழக்குப் போட உலக வர்த்தக அமைப்பு என்று ஒரு மன்றமாவது இருக்கிறது, இப்போது அது எவ்வளவு தளர்ந்திருந்தாலும். ஆளுக்கு என்ன இருக்கிறது? புலம்பெயர் தொழிலாளர் உரிமைக்காக ஐ.நா. 1990இல் ஒரு உடன்படிக்கை எழுதியது. ஆள் வரவழைக்கும் பணக்கார நாடுகள் அதில் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. 2018இல் மொராக்கோவின் மராகேஷில் இன்னொன்று. ஐ.நா. பொதுச்சபையில் 152 நாடுகள் ஆதரித்தன, அமெரிக்கா உட்பட 5 எதிர்த்தன. ஆதரித்தவர்களையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இந்தப் பள்ளம்தான் என்னை உறங்கவிடாதது.

உங்கள் ஆற்றாமையில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. பேங்கில் தமிழ் தெரியாத அதிகாரி, டிக்கெட் கவுண்டரில் இந்தி, நம் வரிப்பணத்தில் நமக்கு வரும் பங்கு, இவற்றுக்காக நானும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். ஆனால் அந்த அதிகாரியை அங்கே போட்டது ஓவர்லாக் ஓட்டுகிறவர் அல்ல. டெல்லியிடம் கேட்க வேண்டியதை லைன் வீட்டில் கேட்கிறோம், அங்கே எதிர்த்துப் பேச ஆளில்லை என்பதால். 2023 மார்ச்சில், வடமாநிலத்தாரை இங்கே தாக்குகிறார்கள் என்ற பொய் வீடியோக்களைப் பார்த்து அவர்கள் மூட்டையோடு ஸ்டேஷனுக்கு ஓடிய வாரத்தில் உங்கள் மெஷின்கள் எத்தனை நின்றன என்று நீங்களே அறிவீர்கள். அன்று பயந்தது அவர்கள்.

ஓட்டு விஷயம். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கே பதிவு செய்துகொள்ளச் சொல்கிறது. இந்தியாவில் எங்கும் குடியிருக்கும் உரிமை அரசமைப்பின் 19ஆம் பிரிவில் இருக்கிறது. ஓசூரிலும் பெங்களூரிலும் மும்பையிலும் இருக்கும் நம் பிள்ளைகள் நிற்பது அதே பிரிவின் மேல்தான். பத்தாண்டு இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து, இந்த ஊர்ச் சாயக்கழிவின் நடுவே வாழ்பவருக்கு இந்த ஊர் கவுன்சிலர் யார் என்பதில் ஒரு சொல் இருக்கட்டும் என்பது என் துணிபு. உங்கள் மாமா ஒத்துக்கொள்ள மாட்டார். பரவாயில்லை, அவரிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள், அவருடைய தோட்டத்தில் தேங்காய் போடுவதற்கு இப்போது யார் வருகிறார்கள் என்று.

பள்ளிச் சேர்க்கைக்கு உங்கள் கடிதம் இல்லாவிட்டாலும் அந்தக் குழந்தையைச் சேர்த்தாக வேண்டும். வயதுச் சான்று இல்லை என்றுகூடத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஆனாலும் எழுதிக் கொடுங்கள். லைன் வீட்டின் கதவு எண், எந்த மாதத்திலிருந்து குடியிருக்கிறார்கள், தேதி, உங்கள் கையெழுத்து. குழந்தையின் பெயரையும் அப்பா பெயரையும் அவருடைய ஆதாரில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில், ஒரு புள்ளிகூட மாறாமல் எழுதுங்கள். கோத்தகிரிப் பாட்டி அலைந்தது ஒரு எழுத்துக்காகத்தான். இரண்டு நகல் எடுத்து ஒன்றை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா