‘பெட்பான் தூக்கவா படிச்சநீ?’ – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

நான் படுவான்கரைப் பக்கம். தாதி உதவியாளர் பயிற்சி முடித்து, மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் வைத்தியசாலையில் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. உடம்பு துடைப்பது, பெட்பான் வைப்பது, சாப்பாடு தீத்துவது, இதுதான் நாள் முழுக்க. இரவு டியூட்டி முடிந்தால் இடுப்பு நிமிராது. “பெட்பான் தூக்கவா படிச்சநீ?” என்று மாமி கேட்கிறா. அதைவிட ஒன்று. போன கிழமை ஒரு வயதான அம்மா காலையிலிருந்து சரியாகக் கதைக்கவில்லை என்று தாதி மிஸ்ஸிடம் சொன்னேன். “உன்ட வேலையப் பாரு” என்று எல்லாருக்கும் முன்னால் ஏசிவிட்டா. அதற்குப் பிறகு நான் வாயே திறப்பதில்லை. ஆனால் ஒரு தாத்தா என்னைக் கண்டால்தான் சாப்பிடுகிறார். விடவும் மனமில்லை, இருக்கவும் முடியவில்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள தங்கச்சி,

முதலில் மாமியின் கேள்வி. என் அப்பா பாரிசவாதம் வந்து கட்டிலோடு கிடந்த காலத்தில் டொக்டர் வந்து சில நிமிடம் நிற்பார். மிஸ்மார் மருந்து நேரத்துக்கு வருவார்கள். அப்பாவின் முதுகைத் தினமும் பார்த்தது உங்களைப் போல ஒரு பிள்ளை மட்டும்தான். ஒரு நாள் பெட்பானை எடுத்துவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவள், இடுப்புக்குக் கீழே எலும்பு முட்டுகிற இடத்தில் நின்றுவிட்டாள். விரலால் அமத்திப் பார்த்தாள். பிறகு புறங்கையை அந்த இடத்திலும் பக்கத்திலும் மாறி மாறி வைத்தாள். “இந்த இடம் சுடுகுது அக்கா, கொஞ்சம் இறுகியும் இருக்கு” என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு லேசில் தெரியாது, தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். படுக்கைப் புண் தோல் கிழிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அன்றிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தோம், கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிக்கால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொண்டோம். நான் எண்ணெய் போட்டுத் தேய்க்கப் போனபோது அவள் விடவில்லை. தேய்த்தால் உள்ளே இன்னும் நசியுமாம். புண் வரவேயில்லை.

பெட்பான் தூக்கியவள்தான் அதைக் கண்டாள். மாமியிடம் வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள். கேட்பா என்று எனக்கு நம்பிக்கையில்லை.

இனி அந்த ஏச்சு. வயதானவர் திடீரென்று தடுமாறிக் கதைத்தால் அது சீனி இறங்கியதாக இருக்கலாம், கிருமித் தொற்றாக இருக்கலாம், பாரிசவாதமாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது டொக்டரின் பொறுப்பு. கண்டதைச் சொல்வது உங்கள் பொறுப்பு. ஆகவே “உன்ட வேலையப் பாரு” என்றாவே, நீங்கள் பார்த்தது அந்த வேலையைத்தான். ஆள் பற்றாக்குறையில் ஓடுகிற மிஸ்ஸின் களைப்பு எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் அது தவறு.

சொல்கிற விதத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். “அந்த அம்மா ஒரு மாதிரி இருக்கா” என்றால் யாரும் தட்டிக்கழிக்கலாம். “ஆறு மணிக்குப் பேர் சொன்னவ, எட்டு மணிக்குச் சொல்லல்ல, தேத்தண்ணி குடிக்கல்ல, நெத்தி வேர்த்திருக்கு” என்றால் அவ்வளவு லேசில் தட்ட முடியாது. அதற்கும் அசையாவிட்டால் பொறுப்பான சிஸ்டரிடம் போங்கள், அவவும் இல்லையென்றால் டொக்டரிடமே சொல்லுங்கள்.

மாரி மழையோடு டெங்கு வருத்தக்காரர் வரும்போது இது இன்னும் முக்கியம். காய்ச்சல் விட்டதும் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டு, எப்போது துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவார்கள் என்று கேட்கத் தொடங்குவார்கள். டெங்கில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. குடித்தது எவ்வளவு, சிறுநீர் போனது எவ்வளவு என்ற கணக்கைப் பார்த்துத்தான் டொக்டர் சேலைனைக் கூட்டுவார், குறைப்பார். அளந்து ஊற்றுகிறவர் நீங்கள். அளக்க முன்னமே ஆள் பாத்ரூமில் போய்விட்டால் அப்படியே சொல்லுங்கள். குத்துமதிப்பாக ஒரு இலக்கம் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆள் இல்லை, இந்த ஊசியைப் போட்டுவிடு என்று யாராவது சொன்னால் போடாதீர்கள். பயிற்சியில் இல்லாததைச் செய்து ஏதாவது நடந்தால் பழி உங்கள் தலையில்தான் விழும்.

இடுப்புக்கு: தனியாக யாரையும் தூக்காதீர்கள். விரிப்போடு சேர்த்து இரண்டு பேர் பிடித்து நகர்த்துங்கள், முழங்காலை மடித்து நில்லுங்கள். பாரிசவாதக்காரரை வழங்காத கையில் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு விலகிவிடலாம்.

அந்தத் தாத்தா விஷயத்தில் எனக்குச் சந்தோஷமும் இருக்கிறது, ஒரு கவலையும் இருக்கிறது. உங்கள் லீவு நாளில் அவர் பட்டினியா? இப்போதிருந்தே இன்னொரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீத்துங்கள், பிறகு கரண்டியை அவளிடம் கொடுங்கள். நிமிர்த்தி இருத்தித் தீத்த வேண்டும், முடிந்தும் அரை மணித்தியாலம் படுக்க விடக்கூடாது என்பதை அவளுக்கும் சொல்லிக்கொடுங்கள். உங்களைக் காணும்போது அவர் முகம் மலர்வது உங்களுக்குக் கிடைப்பதுதான், அதில் ஒன்றும் குறையாது.

சம்பளம் காணாது, உடம்பு தாங்காது என்று விட்டால் நான் குறை சொல்லமாட்டேன். மாமிக்காகவும் அந்த ஒரு ஏச்சுக்காகவும் விடவேண்டாம். எதற்கும் உங்கள் சான்றிதழ் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) தரமா என்று எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் இங்கே வேலையில் இருக்கும்போதே அதை எடுக்கிற வழியை விசாரியுங்கள். நாளைக்கு வேறு வைத்தியசாலைக்கோ வெளிநாட்டுக்கோ போவதென்றால் அதைக் கேட்கக்கூடும்.