இனிஷியல் விழுங்கிய மேற்கோள்கள்: கேள்வி–பதில்

கே: கூகுள் ஸ்காலரில் என் எச்-இண்டெக்ஸ் 17, ஸ்கோபஸில் 12. பயோடேட்டாவில் எதைப் போடுவது? (போஸ்ட்டாக், ஹெப்பால், பெங்களூரு)

ப: இரண்டையும் போடலாம். (எச்-இண்டெக்ஸ் 17 என்றால் உங்கள் பேப்பர்களில் 17, ஒவ்வொன்றும் குறைந்தது 17 மேற்கோள் பெற்றவை.) பக்கத்தில் எந்தத் தளம், எந்தத் தேதி என்று எழுதுங்கள். ஸ்காலர் ஆய்வேடு, பிரீபிரிண்ட் (மதிப்பாய்வுக்கு முந்தைய பிரதி), கருத்தரங்கச் சுருக்கம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாரிக்கொள்ளும். மேற்கோள் தரவுத்தளமான ஸ்கோபஸ், தனக்கெனத் தேர்ந்தெடுத்தவற்றை மட்டுமே எண்ணும். தளமும் தேதியும் இல்லாத எண்ணை எந்தத் தேர்வுக் குழுவும் நம்பக் கூடாது.

கே: என் சைட்டேஷன் மொத்தம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லவும். (எஸ். குமார், யஷ்வந்த்பூர்)

ப: எந்தக் குமார்? ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஆர்க்கிட் 16 இலக்கம், காசு கிடையாது. முதலில் அதை வாங்குங்கள், பிறகு எழுதுங்கள்.

கே: என் 11 பேப்பர்கள் வந்த இதழ்களின் இம்பாக்ட் ஃபேக்டரைக் கூட்டினால் 62 வருகிறது. விண்ணப்பத்தில் காட்டலாமா? (செல் உயிரியல் ஆய்வாளர், அல்சூர்)

ப: வேண்டாம். இம்பாக்ட் ஃபேக்டர் இதழின் சராசரி. முந்தைய 2 ஆண்டுக் கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. உங்கள் பேப்பர்களை ஒருவர்கூட மேற்கோள் காட்டாவிட்டாலும் அந்த 62 அப்படியே இருக்கும். இதழை வைத்து ஆளை எடைபோடும் வழக்கத்துக்கு எதிரான டோரா அறிக்கைக்கு விதை விழுந்தது 2012 டிசம்பரில், சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்க செல் உயிரியல் சங்கக் கூட்டத்தில். செல் உயிரியல்காரரே கூட்டல் போட்டுக்கொண்டு வந்தால் என்ன சொல்வது!

கே: ஸ்கோபஸில் எனக்கு 2 புரொஃபைல் இருக்கின்றன. இரண்டிலும் எச் 5. மொத்தம் 10 என்று எழுதலாமா? (உதவிப் பேராசிரியர், மல்லேஸ்வரம்)

ப: கூடாது. ஒன்றில் மேற்கோள்கள் 40, 22, 15, 9, 6, 5. மற்றதில் 30, 18, 11, 8, 7, 3 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கலந்து பெரியதிலிருந்து வரிசையாக அடுக்கினால் எட்டாவது பேப்பருக்கு 8, ஒன்பதாவதுக்கு 7. ஆக எச் 8. பத்தும் இல்லை, ஐந்தும் இல்லை.

சரி, புரொஃபைல் ஏன் உடைந்தது? நம் இனிஷியல்தான். சுப்ரமணியன் மகன் எஸ். கார்த்திக் என்று ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பேப்பரில் சர்நேம் கட்டத்தில் 'எஸ்' என்று ஒற்றை எழுத்தை அடிக்கிறார்; பப்மெட்டில் (மருத்துவ, உயிரியல் கட்டுரைத் தேடல் தளம்) 'எஸ் கே' ஆகிறார். அடுத்ததில் 'கார்த்திக் எஸ்'. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக ஏற, போஸ்ட்டாக் பேப்பரில் 'சுப்ரமணியன் கே'. மகன் செய்த ஆய்வு, மேற்கோள் அப்பா கணக்கில்! படிவம் வடிவமைத்தவருக்குக் குடும்பப் பெயர் இல்லாத ஊர் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேப்பருக்குப் பேப்பர் வேறு மாதிரி அடித்தது யார்? பல சமயம் கரெஸ்பாண்டிங் ஆதர் (இதழோடு தொடர்பில் இருக்கும் ஆசிரியர்) நள்ளிரவில் உங்கள் பெயரை ஞாபகத்திலிருந்து அடித்திருப்பார். வெளியாகும் முன் சரிபார்க்க ப்ரூஃப் வந்ததும் படங்களுக்கு முன் பெயரைப் பாருங்கள்.

இனி ஒரே வடிவம். ஆர்க்கிட்டில் 'பிற பெயர்கள்' பகுதியில் பழைய வடிவங்கள் அனைத்தையும் ஏற்றுங்கள். ஸ்கோபஸ் ஆசிரியர் தேடலில் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகத் தேடி, உங்களுடையவற்றை டிக் செய்து இணைக்கச் சொல்லிக் கோரிக்கை அனுப்புங்கள். வேறு கார்த்திக்கின் பேப்பர் ஒட்டியிருந்தால் அதே சமயத்தில் கழற்றிவிடுங்கள். ஸ்காலரில் கட்டுரைகள் தானாகச் சேரும் வசதியை நிறுத்திவிட்டு, மின்னஞ்சலில் அனுமதி கேட்கும்படி மாற்றுங்கள். இதெல்லாம் ஒரே நாளில் முடியாது. விண்ணப்பத்துக்கு முந்தின ராத்திரி ஆரம்பித்துவிட்டுப் புலம்பாதீர்கள்.

கே: வாஸ்வியூவர் என்ற வரைபட மென்பொருளில் எங்கள் பேராசிரியரின் கூட்டாய்வு வரைபடம் நூல்கண்டு சிக்கியது போல வருகிறது. (ஆய்வு மாணவி, எலஹங்கா)

ப: ஏதோ ஒரு ராட்சதப் பேப்பர் உள்ளே இருக்கிறது. 60 ஆசிரியர்கள் என்றால் 1,770 ஜோடிகள், ஜோடிக்கு ஒரு கோடு. 2016இல் வந்த ஆட்டோஃபேஜி (செல் தன் பாகங்களையே செரிப்பது) ஆய்வுமுறை வழிகாட்டியில் 2,000 பேருக்கு மேல். அந்த ஒன்றிலேயே 20 லட்சத்துக்கு மேல் கோடுகள். பெயர் வந்தவர்களில் பெரும்பாலோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். அதிக ஆசிரியர்கள் உள்ள பேப்பரை விலக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள், வரம்பு 25 போதும். எண்ணும் முறையை ஃப்ராக்ஷனலுக்கு (ஆசிரியர் கூடக் கூட ஒவ்வொரு கோட்டின் எடையும் குறையும் முறை) மாற்றுங்கள். ஆளுக்குக் குறைந்தது 2 பேப்பர் என்று வையுங்கள். ஒரே ஆள் இரண்டு வட்டமாக நின்றால் (மறுபடியும் இனிஷியல்!) தெசாரஸ் கோப்பு தயாரியுங்கள். டேப் பிரித்த இரண்டு பத்திகள்: 'லேபிள்' கீழே தவறான வடிவம், 'ரிப்ளேஸ் பை' கீழே சரியானது. தலைப்பு வரியை விட்டுவிட்டால் கோப்பு வேலை செய்யாது.

கே: சுய மேற்கோளைக் கழிக்க வேண்டுமா? (ஜெயநகர் வாசகர்)

ப: கழித்தும் கழிக்காமலும் இரண்டையும் காட்டுங்கள். ஸ்கோபஸில் உங்கள் மேற்கோளை மட்டும் கழிக்கலாம், கூட்டாசிரியர்கள் அனைவருடையதையும் கழிக்கலாம். இரண்டாவதுதான் கறார். எதைக் கழித்தீர்கள் என்று எழுதுங்கள். தளம், தேதி மறக்க வேண்டாம்.

கே: இணை முதல் ஆசிரியர் என்றால் எச்-இண்டெக்ஸ் கூடுமா?

ப: கூடாது. அதற்கு முதல் ஆசிரியரும் ஒன்றுதான், நாற்பதாவது ஆசிரியரும் ஒன்றுதான்.

கே: பக்கத்து லேப் புற்றுநோய் ஆய்வு, நாங்கள் செல் பிரிதல். மேற்கோளை ஒப்பிடுவது நியாயமா? (பி.எச்.டி. மாணவர், ஜி.கே.வி.கே. பகுதி)

ப: நேரடியாக ஒப்பிட்டால் அநியாயம். துறைக்குத் துறை மேற்கோள் வேகம் வேறு. ஐசைட் என்ற மேற்கோள் கணக்குத் தளத்தில் உங்கள் பேப்பர்களின் பப்மெட் எண்களை ஒட்டுங்கள். துறைக்கும் ஆண்டுக்கும் ஏற்பச் சரிசெய்த ஆர்.சி.ஆர். (ஒப்பீட்டு மேற்கோள் விகிதம்) கிடைக்கும், இலவசம். 1 என்றால் அமெரிக்க என்.ஐ.எச். (தேசிய சுகாதார நிறுவனங்கள்) நிதி பெற்ற பேப்பர்களின் நடுமதிப்பு. பப்மெட்டில் இல்லாத பேப்பர் கணக்கில் வராது. போன வருடப் பேப்பரின் ஆர்.சி.ஆரை வைத்துப் பக்கத்து லேபோடு சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டு மேற்கோள் கூடினால் அது தலைகீழாகும்.