உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 112: என் இதயத்துக்கு என்ன ஆயிற்று?

கேள்வி: எனக்கு வயது 36. மதுரையில் ஒரு வங்கியில் பணிபுரிகிறேன். இரண்டு குழந்தைகள். கடந்த தை மாதம் என் பெரியப்பா மகன் 44 வயதில் மாரடைப்பால் இறந்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் இருந்தன. காரியம் முடிந்து திரும்பிய வாரத்தில் என் கணவர் எனக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தார். அன்றோடு நிம்மதி போய்விட்டது. அலுவலகத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது 112 காட்டுகிறது. ஒரு நாள் தூக்கத்தில் 47 காட்டியிருந்தது. மூன்று முறை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட்டேன். இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், தைராய்டு, 24 மணி நேர ஹோல்டர் எல்லாம் எடுத்தாயிற்று. இதயத்தில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். கடைசியாகப் போனபோது, ‘எல்லாம் டென்ஷன்தான்’ என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டேன். இரண்டாவது மாடியில் இருக்கும் அலுவலகத்துக்கு லிப்டில்தான் போகிறேன். இரவு இரண்டு மணிக்கு விழித்து வாட்ச்சைப் பார்க்கிறேன். கணவரை எழுப்பி நாடி பார்க்கச் சொல்கிறேன். அறிக்கைகளை இணைத்திருக்கிறேன். எனக்கு உண்மையில் என்னதான் பிரச்சினை?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய அறிக்கைகளைத் தேதி வாரியாக அடுக்கி வைத்து, ஒன்று விடாமல் படித்தேன். முதலில் உங்களுக்குத் தேவையான பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் இதயத்தின் தசையும் வால்வுகளும் மின்னோட்டமும் நன்றாக இருக்கின்றன. இரண்டாவது முறை மருத்துவமனைக்குப் போனபோது வாட்ச் 118 காட்டிக்கொண்டிருந்தது என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதே நிமிடத்தில் எடுத்த இ.சி.ஜி. இந்த அறிக்கைக் கட்டில் இருக்கிறது. படபடப்பு இருக்கும்போதே எடுத்த இ.சி.ஜி.யைவிடப் பெரிய சாட்சி எங்களுக்குக் கிடையாது. அதில் ‘சைனஸ் டாக்கிகார்டியா’ என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து நீங்கள் பயந்திருக்கக் கூடும். அது நோயின் பெயர் அல்ல. துடிப்பு இயல்பான இடத்தில் பிறந்து, இயல்பான பாதையில், கொஞ்சம் வேகமாக வருகிறது என்பதுதான் அதன் பொருள்.

டிரெட்மில் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். ஒன்பது நிமிடம் நடந்தும் ஓடியும் உங்கள் துடிப்பு 171 வரை போயிருக்கிறது. வலி இல்லை, மயக்கம் இல்லை, வரைபடத்தில் மாற்றம் இல்லை. ஓய்வெடுத்ததும் ஒழுங்காக இறங்கியிருக்கிறது. 171ஐத் தாங்கிய அதே இதயத்தைத்தான் 112க்காக நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள்.

ஆனால் இந்தக் காகிதங்களுக்கு நடுவே எல்லோரும் தாண்டிப் போன ஒரு வரி இருக்கிறது. முதல் முறை போனபோது எடுத்த இரத்தப் பரிசோதனையில் உங்கள் ஹீமோகுளோபின் 9.8. உங்கள் வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறையக் கூடாது. இதைப் பற்றி யாரும் உங்களிடம் பேசியதாகக் கடிதத்தில் இல்லை. மருந்துச் சீட்டுகளிலும் இரும்புச்சத்து மாத்திரை இல்லை. இதயத்தைத் தேடிப் போனவர்கள் இரத்தத்தைப் பார்க்கத் தவறிவிட்டார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. அவ்வளவு பொதுவானது என்பதாலேயே கண்ணில் படாமல் போய்விடுகிறது.

ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால், இதயம் அதே வேலையை முடிக்க அதிக முறை துடித்தாக வேண்டும். நான்கு குடத்தில் கொண்டுவர வேண்டிய தண்ணீரைச் சிறிய குடத்தில் ஆறு நடையாகக் கொண்டுவருவதைப் போன்றது அது. படியேறினால் மூச்சு வாங்குவது, மாலையில் கால் ஓய்ந்துபோவது, முடி கொட்டுவது எல்லாம் உங்களுக்கு இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். மாதவிலக்கின்போது நாப்கினை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தாலோ, ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ மகப்பேறு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். உடலில் இரும்புச்சத்துக் கையிருப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைச் செய்துகொண்டு, உங்கள் குடும்ப மருத்துவர் சொல்லும் அளவில் இரும்புச்சத்து மாத்திரையைத் தொடங்குங்கள். ஒரு வேண்டுகோள்: மாத்திரையைக் காபியோடோ டீயோடோ பாலோடோ விழுங்காதீர்கள், சத்து உடலில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ துணைக்கு நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

அப்படியானால் வாட்ச் சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். ஓரளவுக்குச் சரி. ஆனால் அது சொன்னதைவிட, நீங்கள் கேட்டுக்கொண்டது பல மடங்கு அதிகம்.

ஓய்வில் 60 முதல் 100 வரை என்பது பெரியவர்களுக்கான பொதுவான அளவு. அந்த எல்லைக்கு அப்பால் ஓர் அடி வைத்தாலே ஆபத்து என்று பொருளில்லை. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். படுக்கையிலிருந்து எழுந்து நின்றால் பத்து, இருபது கூடும். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறக்குறைய பத்து கூடும். மேலாளர் கூப்பிட்டனுப்பினால் கூடும். சாப்பிட்ட பிறகும் கூடும். ஆழ்ந்த தூக்கத்தில் ஆரோக்கியமான பலருக்கு ஐம்பதுக்குக் கீழே இறங்கும். உங்கள் 47 அதுதான், உடல் நன்றாக ஓய்வெடுத்ததன் அடையாளம். இப்படி ஏறி இறங்கத் தெரிந்திருப்பதுதான் நல்ல இதயத்தின் இலக்கணம். இத்தனை காலமும் உங்கள் துடிப்பு இப்படித்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டுகிற திரை கையில் இல்லை, அவ்வளவுதான்.

அந்தத் திரையும் எப்போதும் நம்பத்தக்கது அல்ல. வாட்ச்சைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள், பச்சை விளக்குகள் மினுங்கும். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் உள்ள நுண்குழாய்களில் இரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் மாறும். அந்த மாற்றத்தை எண்ணித்தான் அது கணக்குச் சொல்கிறது. பட்டை தளர்ந்திருந்தால், கை சில்லிட்டிருந்தால், மணிக்கட்டு அசைந்துகொண்டிருந்தால் கணக்குத் தவறும். பாத்திரம் தேய்க்கும்போதோ, விறுவிறுவென்று நடக்கும்போதோ கையசைவையே துடிப்பாக எண்ணிவிடுவதும் உண்டு. போன மாதம் ஓர் இளைஞர் என் அறையில் கட்டிலில் படுத்தபடி வாட்ச்சை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் 128. இ.சி.ஜி. தாளில் 76. பட்டைக்கடியில் என் இரண்டு விரல்கள் தாராளமாக நுழைந்தன. பட்டையை ஒரு துளை இறுக்கினேன். சிறிது நேரத்தில் 79க்கு வந்தது. அவர் கண்ணில் நீர் கோத்துவிட்டது. ஆறு வாரமாக அந்த மனிதர் தூங்கவில்லை.

உங்கள் அண்ணனின் மரணத்துக்கு வருகிறேன். இந்தப் பயம் அங்கேதான் தொடங்கியிருக்கிறது. மாரடைப்பு என்பது இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் குழாய் அடைபடுவது. அந்த அடைப்பை மணிக்கட்டில் கட்டுகிற எந்த வாட்ச்சாலும் கண்டுபிடிக்க முடியாது. துடிப்பு 112 என்பது அடைப்பின் முன்னறிவிப்பும் அல்ல. அவருக்குச் சர்க்கரையும் புகையும் இருந்தன. உங்களுக்கு இரண்டும் இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டிய எண்கள் வேறு: இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு. அவற்றை ஆண்டுக்கொரு முறை பார்த்தால் போதும். சீரற்ற துடிப்பைக் கண்டுபிடிப்பதில்தான் வாட்ச்சுகளுக்கு ஓரளவு பயன் உண்டு, அதுவும் பெரும்பாலும் வயதானவர்களுக்கு. அமெரிக்காவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடத்திய ஆப்பிள் ஹார்ட் ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. அதில் 40 வயதுக்குட்பட்டவர்களில் சீரற்ற துடிப்பு என்று எச்சரிக்கை பெற்றவர்கள் 0.16 விழுக்காட்டினர் மட்டுமே.

இரவு இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். விழிக்கிறீர்கள். விழிப்பே துடிப்பைச் சற்று ஏற்றும். இருட்டில் திரை ஒளிர்கிறது, 94. ‘தூக்கத்தில் ஏன் 94?’ என்ற கேள்வி எழுந்த நொடியில் அட்ரினலின் சுரக்கிறது. அதன் வேலையே துடிப்பைக் கூட்டுவதுதான். மறுபடி பார்க்கிறீர்கள், 108. கை வியர்க்கிறது, 117. கணவர் எழுந்து நாடி பிடித்து, ‘ஒன்றுமில்லை, தூங்கு’ என்கிறார். மெல்ல இறங்குகிறது. பார்த்ததால்தான் தப்பித்தோம் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. அதனால் நாளையும் பார்க்கச் சொல்லும். பயம்தான் அந்த எண்ணை ஏற்றுகிறது. ஏறிய எண்ணையே பயத்துக்குக் காரணமாகக் காட்டுகிறது. இது கற்பனை நோய் அல்ல, உங்கள் படபடப்பு நிஜமானது. ‘டென்ஷன்’ என்ற ஒற்றைச் சொல்லால் உங்களைத் திருப்பி அனுப்பியது தவறு. பதற்றமும் முறையாக விளக்கி, முறையாகச் சிகிச்சை தர வேண்டிய ஒன்றுதான்.

பார்ப்பதால் மனம் அமைதி அடையாது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 2020இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு 70 வயதுப் பெண்மணியைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு உண்மையிலேயே சீரற்ற துடிப்பு இருந்தது. வாட்ச்சில் அவர் ஓராண்டில் எடுத்த இ.சி.ஜி. 916. பெரும்பாலானவை இயல்பாகவே இருந்தன. அத்தனை நல்ல முடிவுகளும் அவர் பயத்தைக் குறைக்கவில்லை, வளர்த்தன. பதற்றத்துக்கான உளவியல் சிகிச்சைக்குப் பிறகுதான் அவர் தேறினார்.

ஆகவே இன்றிரவு முதல் வாட்ச்சை படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். பீரோவில் வையுங்கள், நான்கு வாரம் அங்கேயே இருக்கட்டும். முதல் மூன்று, நான்கு நாட்கள் தவிப்பு கூடும். கை வெறும் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். அது தோல்வி அல்ல, பழக்கம் விடுபடும்போது வருவது. ஒரேயடியாக முடியாவிட்டால், துடிப்பு எச்சரிக்கையை அணைத்துவிட்டுப் பகலில் மட்டும் நேரம் பார்க்கக் கட்டிக்கொள்ளுங்கள். படபடப்பு வந்தால் எண்ணாதீர்கள். செய்துகொண்டிருந்த வேலையை மெதுவாகத் தொடருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். அது ஏறும், நிற்கும், தானாகவே இறங்கும். எண்ணைப் பார்க்காமலே அது இறங்கியதை உங்கள் உடல் பத்துப் பதினைந்து முறை அனுபவித்தால்தான் மனம் நம்பும்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. நள்ளிரவில் நாடி பிடிப்பது அன்பினால்தான். ஆனால் அதுவும் இன்னொரு வாட்ச்சாகிவிட்டது. இனி உங்கள் மனைவி கேட்டால் நாடி பிடிக்காமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதத்தில் பார்க்கும் வேகம் குறையவில்லை என்றாலோ, வேலையும் தூக்கமும் கெட்டுக்கொண்டே போனாலோ, உளவியலாளரிடம் சி.பி.டி. என்னும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெறுங்கள். உடல்நலப் பதற்றத்துக்கு அது நன்றாக வேலை செய்கிறது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். அண்ணனை நினைத்து அழுவதற்கும் நேரம் கொடுங்கள். கடிதத்தில் அவரைப் பற்றி இரண்டு வரிதான் இருந்தது, வாட்ச்சைப் பற்றிய வரிகளே அதிகம்.

உடனே 108ஐ அழைக்க வேண்டிய நிலைகளும் உண்டு. மயங்கி விழுவது, நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற வலி வந்து கைக்கோ தாடைக்கோ பரவுவது, சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறுவது, விளக்கைப் போட்டது போலச் சட்டென்று தொடங்கி 150க்கு மேல் ஓடி நிற்காமல் இருப்பது. இவற்றை அறிய வாட்ச் வேண்டியதில்லை, உடலே உரக்கச் சொல்லிவிடும்.

நாளை முதல் மாலையில் பத்து நிமிடம் நடங்கள். லிப்டை ஒரு மாடிக்கு மட்டும் விட்டுவிடுங்கள். முதலில் மூச்சு வாங்கும், அது இரத்தசோகையின் வேலை. நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள், ஒரு கிராமாவது கூடியிருக்க வேண்டும். இயல்புக்கு வந்த பிறகும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடருங்கள். அந்த அறிக்கையோடு எனக்கு எழுதுங்கள். துடிப்பு எத்தனை என்பது வேண்டாம். இரண்டாவது மாடிக்குப் படியேறிப் போனீர்களா என்பதை எழுதுங்கள்.