வாசகர் கேள்வி பதில்: வசனகர்த்தா ஆரூர்தாஸ்

கேள்வி: 'ஆரூர்தாஸ்' என்பது இயற்பெயரா? அவர் திரைக்கு வந்த கதையைக் கூறுங்கள். (வாசகர், மன்னார்குடி)

பதில்: இயற்பெயர் யேசுதாஸ். 1931இல் நாகப்பட்டினத்தில் பிறந்து திருவாரூரில் வளர்ந்தவர். அந்த ஊரைப் பெயரோடு சேர்த்துக்கொண்டார். பாடலாசிரியர் தஞ்சை ராமையாதாஸிடம் உதவியாளராக இருந்து, மொழிமாற்றுப் படங்களுக்கு எழுதிக் கை பழகியபின், 1959இல் தேவர் பிலிம்ஸின் 'வாழவைத்த தெய்வம்' படத்திற்கு வசனம் எழுதினார்.

கேள்வி: எம்.ஜி.ஆர்., சிவாஜி இருவருக்கும் ஒருவரே எழுதியது எப்படிச் சாத்தியமாயிற்று? (வாசகி, காரைக்குடி)

பதில்: ரசிகர்கள் இரு அணிகளாக நின்று மோதிக்கொண்ட 1961இல்தான் சிவாஜியின் 'பாசமலர்', எம்.ஜி.ஆரின் 'தாய் சொல்லைத் தட்டாதே' ஆகிய இரண்டும் இவருடைய வசனத்தில் வெளிவந்தன. தம் நடையைக் காட்டுவதற்காகப் பாத்திரத்தைப் பேசவைக்கும் பழக்கம் இவரிடம் குறைவு என்பதே நான் காணும் காரணம். பராசக்தி காலத்து அடுக்குமொழிக்குக் கொட்டகையே கைதட்டிய நாட்களுக்குப் பின் வந்தவர், வீட்டுக்குள் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளும் குரலைப் பிடித்தார். 'பாசமலர்' இறுதிக்காட்சியை நினைத்துப் பாருங்கள்: பார்வையிழந்து, எல்லாம் இழந்து நிற்கும் அண்ணன், தங்கையின் அருகில் நீண்ட தத்துவம் எதையும் பேசுவதில்லை, சிறுவயதில் அவளுக்குச் சொன்ன 'கைவீசம்மா கைவீசு' என்ற குழந்தைப் பாட்டைத்தான் திக்கித் திக்கிச் சொல்கிறான். அதற்கு மேல் ஒரு வரி எழுதியிருந்தாலும் அந்தக் காட்சி கெட்டிருக்கும். இவர் சிவாஜிக்கு எழுதிய 'புதிய பறவை'யில் நிலைமை வேறு. அங்கே நாயகன் மனைவியின் சாவைப் பற்றிய உண்மையைத் தானே சொல்லிவிட்ட பிறகுதான், தன்னைக் காதலித்தவள் காவல்துறையைச் சேர்ந்தவள் என்று அறிகிறான்; ஆகவே சிவாஜியின் குரல் ஏறி இறங்குவதற்கு இடம்விட்டு வசனம் நீள்கிறது. எம்.ஜி.ஆருக்கோ சண்டைக்கும் பாட்டுக்கும் நடுவே சுருக்கமாக, கொள்கை தெரியும்படி பேசினால் போதும். (எளிய வேலை என்று இதை எண்ணுகிறவர்கள் நான்கு வரி எழுதிப் பார்க்கலாம்.)

கேள்வி: அரசு அவரைக் கௌரவித்ததா? (வாசகர், சேலம்)

பதில்: தாமதமாகவேனும், 2022 ஜூனில் கலைஞர் நினைவு கலைத்துறை வித்தகர் விருதை முதலமைச்சர் ஸ்டாலின் அவர் வீட்டுக்கே சென்று வழங்கினார். அந்த ஆண்டு நவம்பரில் ஆரூர்தாஸ் காலமானார்.

கேள்வி: இவ்வளவு பெரிய எழுத்தாளர் 'டப்பிங்' படங்களுக்கும் எழுதியது தகுதிக்குக் குறைவில்லையா? (வாசகர், திருச்சி)

பதில்: இல்லை. மொழிமாற்றில் பொருள் மட்டும் சரியாக இருந்தால் போதாது. திரையில் நடிகரின் உதடுகள் ஒட்டும் இடத்தில் தமிழிலும் ப, ம போன்ற எழுத்து வந்து விழவேண்டும், அவர் வாயை மூடும்போது வாக்கியமும் முடிந்திருக்கவேண்டும். பிறர் நடித்து முடித்த முகத்துக்குச் சொல் தேடும் அந்தப் பயிற்சியில் ஊறியவருக்கு, எதிரில் நிற்கும் சிவாஜிக்கோ எம்.ஜி.ஆருக்கோ அளவெடுத்து எழுதுவது கடினமாக இருந்திருக்காது என்றே தோன்றுகிறது.