டெஸ்டர் எரியலன்னா கரண்ட் இல்லன்னு அர்த்தமா? கேள்வி பதில்

வயரிங் வேலைல 22 வருஷமா இருக்கேன். டெஸ்டர், மீட்டர் பத்தி சந்தேகம் இருக்கறவங்க கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: அண்ணே, கடைல விக்கற சாதா டெஸ்டர நம்பி வேலை பாக்கலாமா?

எரிஞ்சா நம்பு தம்பி, எரியலன்னா நம்பாத. உள்ள ஒரு சின்ன நியான் பல்பு, ஒரு ஸ்பிரிங், 1 மெகா ஓம் அளவுல ஒரு ரெசிஸ்டர், அவ்ளோதான். அந்த ரெசிஸ்டர் இருக்கறதாலதான் 230 வோல்ட்லயும் உன் உடம்பு வழியா கால் மில்லி ஆம்பியர்கூட போறதில்ல. பிளாஸ்டிக் ஸ்டூல் மேல நின்னா மங்கலா எரியும், மொட்டை மாடி வெயில்ல எரியறதே கண்ணுக்குத் தெரியாது. அதனால மொதல்ல ஃபிரிட்ஜ் ஓடிட்டு இருக்கற பாயிண்ட் மாதிரி கரண்ட் இருக்குன்னு உறுதியா தெரிஞ்ச எடத்துல வச்சு பாரு, அப்பறம் வேலை பாக்கற எடம், அப்பறம் மறுபடி அதே பழைய பாயிண்ட். இந்த மூணாவது தடவையதான் எல்லாரும் விட்டுருவாங்க. நானும் ஒரு மண்டபத்துல விட்டேன், ஏணில இருந்து டெஸ்டர் கீழ விழுந்து உள்ள ஸ்பிரிங் நகர்ந்திருக்கு, அது தெரியாம "எரியல, லைன் ஆஃப்"னு வயர தொட்டேன், தோள்பட்டை வரைக்கும் இழுத்துச்சு.

கேள்வி: சார், ப்ளக்ல ரெண்டு ஓட்டைலயும் எரியுது, ஆனா ஃபேன் ஓடல. டெஸ்டர் கெட்டுப்போச்சா?

டெஸ்டர் நல்லாத்தான் இருக்கு, எங்கயோ நியூட்ரல் விட்டுருக்கு. ஃபேஸ் கரண்ட் ஃபேன், லைட் வழியா வந்து திரும்பிப் போக வழியில்லாம நியூட்ரல் வயர்லயே நிக்குது. எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணி, ப்ளக் எல்லாம் உருவிட்டு பாருங்க, நியூட்ரல் ஓட்டைல எரியறது நின்னுடும். மூணு ஃபேஸ் வீடா இருந்து சில லைட் மங்கலாவும் சில லைட் பளீர்னும் எரிஞ்சா யோசிக்காம மெயின ஆஃப் பண்ணுங்க, டிவி ஃபிரிட்ஜ் எல்லாம் போயிடும்.

கேள்வி: ஆஃப் பண்ண லைன்ல மல்டிமீட்டர் 80 வோல்ட் காட்டுதே?

பக்கத்து வயர்ல இருந்து தூண்டப்படற வோல்டேஜ் அது. டிஜிட்டல் மீட்டர் ரொம்ப கம்மியா கரண்ட் இழுக்கறதால அதையும் காட்டிடும். ரெண்டு வயருக்கும் நடுவுல டெஸ்ட் லேம்ப் (ஹோல்டர்ல மாட்டின சாதா குண்டு பல்பு) மாட்டிட்டு மீட்டர வைங்க, சும்மா வந்த வோல்டேஜ்னா சட்டுனு பூஜ்யத்துக்கு வந்துடும். வரலன்னா நெஜ கரண்ட், கை வைக்காதீங்க.

கேள்வி: மல்டிமீட்டர் கரெக்டா காட்டுதான்னு வீட்லயே பாக்க முடியுமா?

ஈபி லைன வச்சு பாக்காதீங்கம்மா, அது காலைல 240, ராத்திரி 210னு ஆடும். இன்னொரு நல்ல மீட்டரையும் அதே ப்ளக்ல அதே நேரத்துல வச்சு பாருங்க. அதுக்கு முன்னாடி உள்ள பேட்டரிய மாத்துங்க, பேட்டரி வீக்கானா சில மீட்டர் கூட்டி காட்டும். சிவப்பு வயர் 10 ஆம்பியர் ஓட்டைல இருக்கான்னும் பாத்துக்கோங்க, அப்படியே ப்ளக்ல வச்சா ஷார்ட்தான், மீட்டரே கைல வெடிக்கும்.

கேள்வி: டெஸ்டர வச்சு ஸ்க்ரூ முடுக்கலாமா?

எல்லாரும் முடுக்கறோம், அதான் சீக்கிரம் உடையுது.

கேள்வி: பீப் சத்தம் போடற பேனா டெஸ்டர் சோலார் பேனல் வயருக்கு ஆகுமா?

ஆகாது. அது ஏசிக்கு, அதாவது வீட்டு லைன் கரண்டுக்கு மட்டும்தான். பேனல்ல இருந்து வர்றது டிசி, அது எவ்ளோ இருந்தாலும் கம்முனு இருக்கும். இரும்பு பைப்புக்குள்ள போற வயர்லயும் அதே கதைதான்.